எல்லைக்கோட்டை எழுத்தில் வையுங்கள்: மேஜர் லீக் பேஸ்பால் ஆணையர் அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மேஜர் லீக் பேஸ்பால் ஆணையர் அலுவலகத்துக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும்,

மூன்றாவது ஸ்டிரைக்கில் அவுட்டான பேட்டர் தலையைக் குனிந்து, தரையைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார். ஓர் அம்பயர் அதைக் காதில் வாங்கிக்கொள்வதே இல்லை. மறுநாள் அதே பேட்டர் அதே வார்த்தையைச் சொல்கிறார். அன்றைக்கு நிற்கும் அம்பயர் கையை வீசி அவரை ஆட்டத்தைவிட்டே வெளியேற்றுகிறார். இரண்டு அம்பயர்களும் விதிப்படிதான் நடந்தார்கள். ஏனென்றால் உங்கள் விதி 8.01(டி), தீர்ப்பை ஆட்சேபித்தாலோ பண்பற்ற நடத்தை, பேச்சு என்று தோன்றினாலோ வெளியேற்றலாம் என்கிறது. எது பண்பற்ற நடத்தை, எது தோற்ற மனிதரின் இயல்பான புழுக்கம் என்று பிரித்துச் சொல்வதில்லை.

2023இல், பந்தெறிவதற்கு விநாடிக் கெடு வைக்கும் பிட்ச் கிளாக்கைக் கொண்டுவந்தீர்கள். 2026 பருவத்தில், பந்து, பேட்டர் அடிக்கத் தக்கது என்று விதி வரையறுக்கும் ஸ்டிரைக் ஜோனைத் தொட்டதா என்று கேமரா வழியாகச் சரிபார்க்கும் முறையைக் கொண்டுவந்தீர்கள். ஜோனின் மேல்விளிம்பு பேட்டரின் உயரத்தில் 53.5 சதவீதம், கீழ்விளிம்பு 27 சதவீதம் என்று எழுதிவைத்தீர்கள். விநாடியையும் அங்குலத்தையும் இவ்வளவு கறாராக எழுதத் தெரிந்த நீங்கள், ஆட்டக்காரர் தன் ஆற்றாமையை மைதானத்தில் எதுவரை காட்டலாம் என்பதை மட்டும் அன்றன்றைய அம்பயரின் பொறுமைக்கு விட்டுவைத்திருக்கிறீர்கள். இதற்கு மேலும் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க எங்களால் முடியவில்லை.

நாங்கள் ஸ்கோர் எழுதுகிறவர்கள், சிறுவர் அணிகளுக்குப் பயிற்சி தருகிறவர்கள், உள்ளூர் ஆட்டங்களில் அம்பயராக நிற்கிறவர்கள். எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தொழில்முறை ஆட்டக்காரர் தன் ஆற்றாமையைக் காட்டுவதில் தவறில்லை. அது தன் மீதானதாக இருக்க வேண்டும், சில விநாடிகளில் முடிய வேண்டும், பந்து ஆட்டத்தில் இல்லாத நேரத்தில் நடக்க வேண்டும். பொருளை வீசுவதும், ஆளை நோக்கிப் போவதும், சொந்த அணிக்காரரைப் பார்வையாளர் முன்னால் கூசவைப்பதும் வேறு வகை. அவற்றை நாங்கள் ஆதரிக்கவில்லை. அவற்றுக்குத் தண்டனை இன்னும் தெளிவாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் குறை.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்கள், இவ்வளவு சம்பளம் வாங்குகிறவர் ஓர் அவுட்டுக்கு இப்படிக் குதிக்கலாமா என்று கேட்கலாம். விதி எழுதும் இடத்தில் இருக்கும் நீங்கள் கேட்கக் கூடாது. பந்தெறியும் பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து அந்தத் தூரத்தை ஏறத்தாழ 0.4 விநாடியில் கடந்துவிடும். அதற்குள் பந்து எந்த வகை, எங்கே வரும், பேட்டை வீசலாமா என்று முடிவெடுத்தாக வேண்டும். 10 முறை நின்று 3 முறை ஹிட் அடிப்பவர் நட்சத்திரம். 1941இல் டெட் வில்லியம்ஸ் .406 சராசரியில், அதாவது ஆயிரத்துக்கு 406 ஹிட் என்ற கணக்கில், அடித்தார். அதற்குப் பிறகு மேஜர் லீக்கின் இரு பிரிவுகளான அமெரிக்கன் லீக்கிலும் நேஷனல் லீக்கிலும் ஒருவர்கூட .400ஐத் தொடவில்லை. அந்த வில்லியம்ஸே 1956இல் பார்வையாளர்களை நோக்கித் துப்பியதற்காக 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டார். 162 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் தினமும் ஆடும் பேட்டர் 600 முறைக்கு மேல் பிளேட்டுக்கு வருகிறார், பெரும்பாலான முறை தோற்றுத்தான் திரும்புகிறார். அதிலும் கொடுமை, நன்றாக அடித்துத் தோற்பது. பேட்டின் சரியான இடத்தில் பட்டு, கோடு போட்டதுபோல் பறந்த பந்து நேராக, இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பின் கையுறைக்குள் போய் விழுகிறது. பேட்டர் செய்த வேலையில் குறையே இல்லை. அந்த நொடியில் ஒருவர் முகத்தைச் சுளித்தால், தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டால், அது யாருக்கு அவமானம்?

பழைய ஆட்டக்காரர்கள் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறார்கள்: "மைதானத்தில் காட்டாதே, உள்ளே போய் வைத்துக்கொள்." அணியினர் உட்காரும் டக்அவுட்டுக்குப் பின்னால் உடைமாற்றும் அறைக்குப் போகும் சுரங்கவழி இருக்கிறது, அங்கே கேமரா இல்லை, என்ன வேண்டுமானாலும் செய். கேட்கக் கண்ணியமாக இருக்கிறது. அதன் விளைவைத் தயவுசெய்து பாருங்கள்.

மேஜர் லீக் பட்டத்துக்கான 1985 உலகத் தொடரின் 7ஆவது ஆட்டம். செயின்ட் லூயிஸ் அணியின் ஜான் டியூடர் அந்தப் பருவத்தில் 21 வெற்றி பெற்ற பிட்சர். 3ஆவது இன்னிங்ஸிலேயே வெளியே எடுக்கப்பட்டார். உள்ளே போய் மின்விசிறியைக் குத்தினார். எறியும் பிழைப்புள்ளவர் கையைக் கிழித்துக்கொண்டார். 2004 செப்டம்பரில் நியூயார்க் யாங்கீஸின் கெவின் பிரவுன் உடைமாற்றும் அறைச் சுவரைக் குத்தி இடக்கையை முறித்துக்கொண்டார். எறியும் கை வலக்கை என்பதால் இடக்கையால் குத்தினாராம். அந்த ஆத்திரத்திலும் அவ்வளவு நிதானம் இருந்திருக்கிறது, சுவர் கான்கிரீட் என்பதுதான் நினைவில் இல்லை. 2012 மே மாதம் 19 வயது பிரைஸ் ஹார்ப்பர் சுரங்கவழிச் சுவரைப் பேட்டால் அடித்தார். பேட் எகிறித் திரும்பி இடக்கண்ணுக்கு மேலே கிழித்தது, 10 தையல். ஓர் அங்குலம் கீழே பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. 2018 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவின் ஹன்டர் ஸ்டிரிக்லண்ட் கையில் இருந்த வெற்றியைப் பறிகொடுத்துவிட்டு கதவைக் குத்தி, எறியும் வலக்கையை முறித்துக்கொண்டார். 2021இல் மில்வாக்கியின் டெவின் வில்லியம்ஸ், அணி பிரிவுப் பட்டம் வென்ற கொண்டாட்டத்துக்குப் பிறகு ஏதோ எரிச்சலில் சுவரைக் குத்தினார்; பருவத்துக்குப் பிந்தைய பிளேஆஃப் ஆட்டங்கள் முழுவதும் அவர் இல்லை.

இத்தனையும் பார்வையாளர் கண்ணுக்கு மறைவில் நடந்தவை. இவர்களில் யாரும் மைதானத்தின் நடுவே நின்று வானத்தைப் பார்த்துக் கத்தியதால் கை முறிந்து உட்காரவில்லை. மறைவிடம் கோபத்தைத் தணிப்பதில்லை, கேமராவின் கட்டுப்பாட்டை எடுத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

குத்துவதால் என்ன உடைகிறது என்பதும் தெரிந்ததே. சுண்டுவிரலுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே உள்ளங்கைக்குள் ஓடும் எலும்பு, விரல் முட்டிக்குச் சற்றுக் கீழே மெலிந்திருக்கும். முட்டி கடினமான பரப்பில் மோதும்போது விசை அங்கே இறங்கி அந்தக் கழுத்துப் பகுதி வளைந்து முறிகிறது. கூடுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். பேட்டையோ பந்தையோ பழையபடி இறுகப் பிடிக்க அதற்கு மேலும் ஆகும். குத்தினால் கோபம் வடிந்துவிடும் என்ற நம்பிக்கையும் ஆய்வுகளில் நிற்கவில்லை. குத்துப்பையைக் குத்தவைத்துப் பார்த்த சோதனையில் கோபம் கூடியது. ஆகவே சுரங்கவழியில் குத்துப்பை தொங்கவிடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை.

மைதானத்திலும் இது நடந்ததுண்டு, மறைக்கவில்லை. 1978இல் நியூயார்க் மெட்ஸின் பாட் ஸாக்ரி, பீட் ரோஸ் அடித்த ஒரு ஹிட்டுக்குப் பிறகு வெளியே எடுக்கப்பட்டார். டக்அவுட்டில் கிடந்த ஹெல்மெட்டை உதைக்கப் போய், குறி தப்பிக் கான்கிரீட் படியை உதைத்தார். பாதம் முறிந்து பருவமே முடிந்தது. 2004இல் ஜப்பானின் டாயி ஹாக்ஸ் பிட்சர் தோஷியா சுகியுச்சி டக்அவுட் பெஞ்சைக் குத்தி இரண்டு கைகளையும் முறித்துக்கொண்டார். 2008 செப்டம்பர் 1ஆம் தேதி சிகாகோ வைட் சாக்ஸின் கார்லோஸ் குவென்டின், 36 ஹோம் ரன்களோடு அமெரிக்கன் லீக்கில் முன்னணியில் இருந்தவர், ஒரு பந்தைக் கோட்டுக்கு வெளியே ஃபவுலாக அடித்த எரிச்சலில் இடக்கையில் பிடித்திருந்த பேட்டை வலது முஷ்டியால் தட்டினார். எப்போதும் செய்கிற பழக்கம்தான். அன்றைக்குக் கை சற்று இறங்கி மணிக்கட்டு மோதியது. எலும்பு முறிந்தது, அந்தப் பருவத்தில் அவர் மீண்டும் ஆடவில்லை. இந்த மூன்றிலும் கேடு வந்தது உடம்பைக் கொண்டுபோய் ஒரு கடினமான பொருளில் மோதியதால். முகத்தில் தெரிந்த வருத்தத்தால் வந்ததில்லை. நாம் பிரிக்க வேண்டிய கோடு அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது கோடு, பந்து ஆட்டத்தில் இருக்கிறதா என்பது. 1998 அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் 2ஆவது ஆட்டம், 12ஆவது இன்னிங்ஸ், 1-1. கிளீவ்லண்டின் டிராவிஸ் ஃபிரைமன் பன்ட் செய்தார், அதாவது பந்தைப் பேட்டால் மெதுவாகத் தட்டிவிட்டார். யாங்கீஸின் டினோ மார்டினெஸ் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிய, அது ஓடிக்கொண்டிருந்த ஃபிரைமனின் முதுகில் பட்டு உருண்டது. பேஸில் நின்ற சக் நாப்லாக், ஓட்டக்காரர் தடத்தைவிட்டு ஓடினார் என்று அம்பயரிடம் கைகாட்டி வாதாடிக்கொண்டிருந்தார். பந்து அவருக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் புல்லில் கிடந்தது. முதல் பேஸிலிருந்து கிளம்பிய என்ரிக்கே வில்சன் ஹோம் வரை ஓடி ரன் எடுத்தார். கிளீவ்லண்ட் 4-1 என்று வென்றது. நாப்லாக் சொன்னதில் நியாயம் இருந்ததா என்பது வேறு விவாதம். பந்தை எடுத்துவிட்டு வாதாடியிருக்கலாம்.

எதிர்ப்பக்கமும் ஓர் ஆட்டம் இருக்கிறது. 2005 அக்டோபர் 12, வைட் சாக்ஸும் ஏஞ்சல்ஸும் 1-1, 9ஆவது இன்னிங்ஸில் இரண்டு அவுட். வைட் சாக்ஸின் ஏ.ஜே. பியர்சின்ஸ்கி மூன்றாவது ஸ்டிரைக்கை வீசித் தவறவிட்டார். அந்தப் பந்தைக் கேட்சர் சுத்தமாகப் பிடிக்காவிட்டால் பேட்டர் முதல் பேஸுக்கு ஓடலாம். டக்அவுட்டை நோக்கி ஓரடி வைத்தவர், கேட்சர் பந்தைச் சுத்தமாகப் பிடித்ததாக அம்பயர் அறிவிக்கவில்லை என்று கவனித்து முதல் பேஸுக்கு ஓடினார். கேட்சர் பந்தை எறிமேடைப் பக்கம் உருட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். பியர்சின்ஸ்கிக்குப் பதிலாக வந்த ஓட்டக்காரர் இரண்டாம் பேஸைத் திருட, ஜோ கிரீடி அடித்த டபுளில் வைட் சாக்ஸ் வென்றது. அவுட்டானதும் பேட்டைத் தரையில் அடித்துக்கொண்டு நின்றிருந்தால் அந்த ஓட்டம் இல்லை. பிட்சருக்கும் இதே கணக்குத்தான். அடி வாங்கிய பிட்சர் தலையைத் தொங்கப்போட்டு மேடையிலேயே நின்றால், மூன்றாம் பேஸுக்கோ ஹோமுக்கோ பின்னால் போய் நிற்க வேண்டிய ஆள் இல்லாமல் போகிறார். தவறிய எறிதல் வேலிவரை உருண்டு இன்னொரு ரன் தருகிறது. சிறுவர் ஆட்டங்களில் நாங்கள் ஓயாமல் பார்ப்பது இது.

மூன்றாவது கோடு, யார்மேல். ஷார்ட்ஸ்டாப் பந்தை நழுவவிட்டதும் இரு கைகளையும் விரித்து அவரையே முறைக்கும் பிட்சர், அடுத்த தரைப்பந்தையும் கெடுக்கிறார். நழுவவிட்டவர் அடுத்த பந்தைப் பிடிக்கும் முன்பே எறியத் துடிப்பார், கால் நிலைகொள்ளாது, எறிதல் உயரப் போகும். எதிரணிப் பயிற்சியாளர் இதைப் பார்த்துக்கொண்டே இருப்பார், பன்ட் அந்தப் பக்கம்தான் வரும். அம்பயர் விஷயத்தில் ஆட்டத்துக்குள்ளேயே ஒரு நடைமுறை உண்டு, உள்ளே இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். கேட்சர் முகத்தைத் திருப்பாமல், மாஸ்க்குக்குள்ளிருந்தே "அது எங்கே போச்சு?" என்று கேட்கலாம். பேட்டர் மண்ணைக் காலால் சீர்செய்தபடி, அம்பயரைப் பார்க்காமல் தன் குறையைச் சொல்லலாம். "அந்தப் பந்து வெளியே" என்றால் பேச்சு. "உனக்குக் கண் தெரியாதா" என்றால் வெளியேற்றம். பேட் முனையால் பந்து வந்த இடத்தைக் கோடு போட்டுக் காட்டினால் வாய் திறக்கவே வேண்டாம், வெளியேற்றம்தான். அம்பயர் பயிற்சியிலும் மூன்று சோதனை சொல்லித்தருகிறார்கள்: ஆளைத் தாக்குகிறதா, ஆபாசமா, விடாமல் நீள்கிறதா. இவ்வளவு தெளிவான வழக்கம் ஏன் உங்கள் விதிப்புத்தகத்தில் இல்லை? 8.02(ஏ)யின் குறிப்பில், பந்து ஸ்டிரைக்கா, ஸ்டிரைக் இல்லாத 'பால்'தானா என்ற தீர்ப்பை எதிர்த்து இடத்தைவிட்டு வருகிறவரை எச்சரிக்க வேண்டும், தொடர்ந்தால் வெளியேற்ற வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. இடத்தைவிட்டு நகராமல் புழுங்குகிறவரைப் பற்றி ஒன்றுமில்லை.

எழுதாத விதி வழுக்கும், எல்லோர்மேலும் ஒரே எடையில் விழாது. 1947இல் ஜாக்கி ராபின்சன், நவீன மேஜர் லீக்கின் முதல் கறுப்பின ஆட்டக்காரராகப் புரூக்ளின் அணிக்கு வந்தபோது, என்ன வசை வந்தாலும் திருப்பிப் பேச மாட்டேன் என்று அணி நிர்வாகி பிராஞ்ச் ரிக்கிக்கு வாக்குக் கொடுத்துவிட்டே வந்தார். மற்றவர்கள் அம்பயரோடு மூக்குக்கு மூக்கு நின்று கத்தியபோது, அவர் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு ஆட வேண்டியிருந்தது. ஒரே சைகை ஒருவரிடம் "வெறியோடு ஆடுகிறார்" என்றும் இன்னொருவரிடம் "தலைக்கனம்" என்றும் வாசிக்கப்படுவது ராபின்சனோடு முடிந்துவிடவில்லை. 2022 ஏப்ரலில் ஜப்பானில், ஒரு பேட்டரைக்கூட பேஸுக்கு விடாத முழுமை ஆட்டம் எறிந்து இரண்டே வாரம் ஆன 20 வயது பிட்சர் ரோகி சசாகி, ஒரு பந்து பால் என்று அறிவிக்கப்பட்டதும் கசப்பாகச் சிரித்தபடி பிளேட்டை நோக்கிச் சில அடி வந்தார். அம்பயர் அவரை நோக்கி நடந்தே போனார். 18 வயது கேட்சர் குறுக்கே புகுந்து நிறுத்தினார். ஒரு சிரிப்பு எவ்வளவு பெரிய குற்றம் என்று எழுதி வைக்காவிட்டால், அம்பயர் தானே எழுதிக்கொள்வார்.

உங்கள் பதிலையும் எங்களால் ஊகிக்க முடிகிறது. 2010 ஜூன் 2ஆம் தேதியைக் காட்டுவீர்கள். டெட்ராய்ட்டின் அர்மாண்டோ கலராகா தொடர்ந்து 26 பேரை அவுட்டாக்கி, 27ஆவது பேட்டரையும் முதல் பேஸில் அவுட்டாக்கினார். அம்பயர் ஜிம் ஜாய்ஸ் பேட்டர் தப்பியதாக அறிவித்தார். முழுமை ஆட்டம் பறிபோனது. கலராகா புன்னகைத்தார், மேடைக்குத் திரும்பினார், அடுத்தவரை அவுட்டாக்கினார். மறுநாள் அணிப்பட்டியலை ஜாய்ஸின் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். அதைவிட மேலான நடத்தையை நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் புன்னகை அவருக்கு முழுமை ஆட்டத்தைத் திருப்பித் தரவில்லை, இன்றுவரை தரவில்லை. அப்படிப்பட்ட தவறைத் திருத்தும் வழி, 2014இல் வீடியோ மறுபரிசீலனையை நீங்கள் விரிவாக்கிய பிறகே வந்தது. தவறு திருந்துவதற்கு முறை வேண்டும். ஆட்டக்காரரின் பொறுமையை முறைக்குப் பதிலாக வைக்கக் கூடாது.

1983 ஜூலை 24ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கான்சாஸ் சிட்டியின் ஜார்ஜ் பிரெட் 9ஆவது இன்னிங்ஸில் இரண்டு ரன் ஹோம் ரன் அடித்தார். யாங்கீஸ் மேலாளர் பேட்டைக் காட்டினார். அம்பயர்கள் அதை 17 அங்குல அகல ஹோம் பிளேட்டின் மேல் கிடத்தி அளந்தார்கள். பிடி நழுவாமல் இருக்கப் பேட்டில் தடவும் பிசின், விதி அனுமதிக்கும் 18 அங்குலத்தைத் தாண்டியிருந்தது என்று பிரெட்டை அவுட்டாக்கினார்கள். அவர் டக்அவுட்டிலிருந்து கைகளை வீசிக்கொண்டு பாய்ந்து வந்த காட்சியை அறியாத பேஸ்பால் ரசிகர் இல்லை. அமெரிக்கன் லீக் தலைவர் லீ மக்ஃபெயில் என்ன செய்தார்? ஹோம் ரன் செல்லும் என்றார். ஆகஸ்ட் 18ஆம் தேதி ஆட்டம் அந்த இடத்திலிருந்து தொடர்ந்தது. கான்சாஸ் சிட்டி 5-4 என்று வென்றது. அதேசமயம் அம்பயர்மேல் பாய்ந்ததற்காகப் பிரெட் வெளியேற்றப்பட்டவராகவே கருதப்பட்டார். முறையீடு வேறு, நடத்தை வேறு. முன்னதை ஏற்றுப் பின்னதைத் தண்டிக்க முடியும் என்று உங்கள் முன்னோர் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார்கள்.

வன்மத்தை நாங்கள் மூடி மறைக்கவில்லை. 1996இல் ராபர்டோ அலோமார் அம்பயர் ஜான் ஹிர்ஷ்பெக்கின் முகத்தில் துப்பினார். ஐந்து ஆட்டத் தடை, அதுவும் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போனது. பிளேஆஃபில் அவர் ஆடினார். துப்பியவருக்கு அவ்வளவு மென்மை, தரையைப் பார்த்து முனகியவருக்கு உடனடி வெளியேற்றம் என்றால் அளவுகோல் எங்கே? அம்பயர் பக்கத்துத் தவறும் உண்டு. 2007 செப்டம்பரில் சான் டியகோவின் மில்டன் பிராட்லி முதல் பேஸ் அம்பயரோடு மோதினார். தடுத்து இழுத்த மேலாளரின் பிடியில் விழுந்து முழங்கால் தசைநார் கிழிந்தது. விசாரித்த நீங்கள் அந்த அம்பயரையும் பருவத்தின் மீதிக்கு இடைநீக்கம் செய்தீர்கள். சரியான முடிவு. அது விதிவிலக்காகவே நின்றுவிட்டது.

நீங்களே உண்டாக்கிய நெருக்கடி ஒன்றும் இருக்கிறது. பிட்ச் கிளாக் வருவதற்கு முன்பு, தவறாக எறிந்த பிட்சர் மேடையைச் சுற்றி ஒரு நடை நடப்பார், கை வழுக்காமலிருக்க உதவும் ரோசின் பொடிப் பையைத் தட்டுவார், பந்தைத் தேய்ப்பார். பேட்டர் பெட்டியைவிட்டு வெளியே வந்து கையுறைப் பட்டையை அவிழ்த்துக் கட்டுவார். எரிச்சல் ஆறுவதற்கான வேலைகள் இவை. இப்போது பேஸ் காலியாக இருந்தால் 15 விநாடி, ஓட்டக்காரர் இருந்தால் 18. பேட்டர் 8 விநாடி மீதமிருக்கும்போதே தயாராக நிற்க வேண்டும்; ஒரு முறை பேட்டிங்குக்கு ஒரே ஒரு இடைநிறுத்தம். ஆட்டம் விறுவிறுப்பானது, எங்களுக்கும் மகிழ்ச்சிதான். 2023 ஏப்ரல் 4ஆம் தேதி மேனி மச்சாடோ, கிளாக் மீறலுக்கு மூன்றாவது ஸ்டிரைக் விதிக்கப்பட்டு, அதை எதிர்த்துப் பேசி வெளியேற்றப்பட்டார். வழக்கமான பருவத்தில் இதற்கு அவரே முதல் ஆள். மூச்சுவிடும் இடத்தை எடுத்தீர்கள், மூச்சு முட்டினால் என்ன செய்வது என்று சொல்லவில்லை.

கேமரா முறையீடு வந்தபின் இதெல்லாம் தானாக அடங்கும் என்பீர்கள். ஓரளவு அடங்கும். ஆனால் அணிக்கு இரண்டே முறையீடு. வென்றால் மிஞ்சும், தோற்றால் போகும். பேட்டர், பிட்சர், கேட்சர் மட்டும் உடனே தலையைத் தொட்டுக் கேட்க வேண்டும், டக்அவுட் உதவக் கூடாது. இரண்டும் தீர்ந்த அணியின் பேட்டர் 8ஆவது இன்னிங்ஸில் தவறான மூன்றாவது ஸ்டிரைக் வாங்கும்போது, அது தவறு என்பது தொலைக்காட்சியில் பெட்டி வரைந்து காட்டப்படுகிறது. எல்லோருக்கும் தெரிகிறது, யாராலும் திருத்த முடியாது. பழைய காலத்தைவிட இது கடினமான நிலை. அந்த ஆட்டக்காரர் பழக்கதோஷத்தில் ஹெல்மெட்டைத் தொட்டுவிட்டால் அது கேலியா, குற்றமா?

சிறுவர்கள் பார்க்கிறார்களே என்ற வாதத்தை நாங்கள் இலேசாக எடுக்கவில்லை, அவர்களுக்குக் கற்றுத்தருவதே எங்கள் வேலை. உணர்ச்சியே இல்லாத முகத்தைப் பார்த்துச் சிறுவர் எதையும் கற்பதில்லை; அவமானத்தை மறைக்க மட்டும் கற்கிறார்கள். மூன்று விநாடி எரிச்சல், பிறகு அடுத்த வேலை என்ற வரிசையைப் பார்த்தால் கற்கிறார்கள். செய்முறை எளிது. அவுட்டானதும் பேட்டை ஒரு கையில் தாழ்த்திப் பிடி. டக்அவுட் படிக்கு முன்பாகக் கையுறைப் பட்டையை அவிழ். அது வரை என்ன வேண்டுமானாலும் முணுமுணுத்துக்கொள். படியில் கால் வைத்ததும் நீளமாக ஒரு மூச்சை வெளியே விடு. ஹெல்மெட்டைக் கையால் அதன் குழியில் வை, எறியாதே. அந்தக் கடினமான ஓடு கான்கிரீட்டில் பட்டு எங்கே தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெஞ்சும் படியும் நெருக்கமான அந்த இடத்தில், பேட் எடுத்துக் கொடுக்கும் 14, 15 வயதுப் பையன்கள் நிற்கிறார்கள். உட்கார்ந்த பிறகு எந்தப் பந்தில் ஏமாந்தோம் என்பதை மட்டும் பக்கத்திலிருப்பவரிடம் சொல். விளையாட்டு உளவியலாளர் கென் ரவீசா இதையே வாழ்நாள் முழுவதும் கற்றுத்தந்தார். அவர் பயிற்சி தந்த, ஃபுல்லர்டனில் உள்ள கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அணி டக்அவுட்டில் ஒரு பொம்மைக் கழிப்பறையை வைத்திருந்தது. மோசமான பேட்டிங்குக்குப் பிறகு அதன் பிடியை இழுத்துவிட்டுப் போய் உட்கார்வார்கள். 2004இல் அந்த அணி கல்லூரி உலகத் தொடரை வென்றது. டாம்பா பேயின் இவான் லாங்கோரியா ரவீசா சொன்னபடி இடது ஃபவுல் கம்பத்தின் உச்சியைப் பார்த்து மனத்தை நிறுத்திக்கொள்வார். எல்லோரும் பார்க்க நடந்த காரியங்கள் இவை, சுரங்கவழியில் ஒளிந்து செய்தவை இல்லை.

2018இல் "பிள்ளைகள் ஆடட்டும்" என்று விளம்பரம் செய்து, ஹோம் ரன் அடித்தவர் பேட்டைச் சுழற்றி வீசுவதைக் கொண்டாடினீர்கள். மகிழ்ச்சிக்குத் திறந்த கதவை வருத்தத்துக்கும் ஒரு பாதியாவது திறந்துவிடுங்கள்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

விதி 8.02(ஏ)யின் குறிப்பில் புதிதாக ஒரு பத்தி சேர்க்கப்பட வேண்டும்: பந்து ஆட்டத்தில் இல்லாதபோது, அம்பயரை நோக்கித் திரும்பாமல், யாரையும் குறிவைக்காமல் ஆட்டக்காரர் தன் எரிச்சலைச் சொல்லாலோ சைகையாலோ காட்டுவது வெளியேற்றத்துக்குக் காரணமாகாது. முறையீடு தீர்ந்த பின் ஹெல்மெட்டை ஒருமுறை தொடுவதும் இதில் அடங்கும் என்று வெளிப்படையாக எழுதுங்கள். அதே பத்தியில், அம்பயரைத் தொடுவது, துப்புவது, ஆளை இழிவாகப் பேசுவது, கோடு போட்டுக் காட்டுவது ஆகியவற்றுக்கு உடனடி வெளியேற்றம் என்றும் எழுதுங்கள். தொடுவதற்கும் துப்புவதற்கும் குறைந்தபட்சத் தடை எத்தனை ஆட்டம் என்பதும், அது பிளேஆஃபுக்கும் பொருந்தும் என்பதும் இருக்க வேண்டும்.

பேட், ஹெல்மெட், பந்துப்பை, தண்ணீர்த் தொட்டி எதையும் வீசினாலோ அடித்தாலோ முதல் முறை அபராதம், அதே ஆட்டத்தில் இரண்டாம் முறை வெளியேற்றம். ஆள் இருக்கும் திசையில் வீசினால் முதல் முறையே வெளியேற்றம். அபராதத்தை இப்போதுபோல் காதும் காதும் வைத்தாற்போல் விதிக்காமல், தொகைப் பட்டியலை வெளியிடுங்கள்.

ஒவ்வொரு வெளியேற்றத்துக்கும் காரணத்தை ஆட்டம் முடிந்த 24 மணி நேரத்துக்குள் இரண்டு வரியில் வெளியிடுங்கள். அம்பயர் தன் இடத்தைவிட்டு ஆட்டக்காரரை நோக்கி நடந்திருந்தால் அதுவும் அந்த வரியில் இருக்கட்டும்.

பிட்சருக்கு ஒரு இன்னிங்ஸில் ஒருமுறை, 10 விநாடி, கிளாக்கை நிறுத்தும் உரிமை கொடுங்கள். பிட்சர் மேடையைவிட்டு விலகுவதற்கு ஏற்கெனவே உள்ள வரம்பில் அது சேரக் கூடாது.

டக்அவுட் படியிலிருந்து உடைமாற்றும் அறை வரை சுவருக்குத் தோளுயரத்துக்கு மெத்தைப் பூச்சு, படி விளிம்புக்கு ரப்பர், மின்விசிறிக்கும் கண்ணாடிக்கும் கம்பிக்கூடு. 30 மைதானங்களிலும் இது கட்டாயமாக வேண்டும். வெளியே எடுக்கப்பட்ட பிட்சர் சுரங்கவழிக்குள் தனியாகப் போகாமல் முதல் சில நிமிடங்கள் உடன் ஒருவர் இருப்பதை அணிகளின் நடைமுறையாக்குங்கள். மைனர் லீக்கின் கீழ்மட்டத்திலிருந்தே மேலே சொன்ன அவுட்டுக்குப் பிந்தைய வரிசையைப் பயிற்சியில் சேருங்கள்.

ஆட்டக்காரர் சங்கத்துக்குத் தனியாக ஒன்று. இப்போதைய கூட்டு ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1ஆம் தேதி முடிகிறது. பேச்சுவார்த்தை மேசையில் சம்பள வரம்பு பற்றிய சண்டையில் இந்த விஷயம் அடிபட்டுப் போகாமல், நடத்தை விதிகளுக்கென்று ஆட்டக்காரர், அம்பயர், மேலாளர் மூன்று தரப்பும் உட்காரும் ஒரு சிறு குழுவைக் கேட்டு வாங்குங்கள். ஆணையர் அலுவலகம் அந்தக் குழுவின் வரைவை, 2027 வசந்தகாலப் பயிற்சி தொடங்கும் முன் பொதுவில் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஸ்கோர் எழுதுவோர், சிறுவர் அணிப் பயிற்சியாளர்கள், உள்ளூர் அம்பயர்கள் சிலர்